உள்ளூர் எழுத்தாளர்கள் கூடும் நாள்: வாசகரை எங்கே உட்கார வைப்பது?

நடுப்பக்கம் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. எங்கள் பகுதியில் எழுதுகிறவர்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, அவர்கள் புத்தகங்களை வாசகர்கள் கையில் சேர்க்கும் நிகழ்ச்சி ஒன்றை எங்கள் வாசகர் வட்டம் இரண்டாவது முறையாக நடத்தப்போகிறது. பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. போன முறை நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது, அதனால்தான் முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

போன முறை 11 எழுத்தாளர்கள் வந்தார்கள். மேடை போட்டோம், மைக் வைத்தோம். வரவேற்புரை, தலைமையுரை, அப்புறம் ஆளுக்குப் பத்து நிமிடம் தங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று திட்டம். பத்து நிமிடம் யாருக்கும் போதவில்லை. முதலில் பேசியவர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டதும் அடுத்தவருக்கு மட்டும் கடிகாரத்தைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை, இப்படியே போய் மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. புத்தகங்கள் எல்லாம் அரங்கத்தின் கடைசியில் ஒரு நீள மேசையில், பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், அடுக்கியபடியே இருந்தன. வந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் எழுத்தாளர்களையும் அவர்கள் வீட்டாரையும் கழித்தால் வாசகர் என்று ஒரு பன்னிரண்டு பேர் தேறுவார்கள்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஓர் அம்மா உள்ளே வந்தார். தோளில் துணிப்பை, கூட ஏழெட்டு வயசுப் பையன். நேராக அந்த நீள மேசைக்குப் போய் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு புத்தகத்தை எடுத்து உறையைப் பிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விரலால் நெருடிக்கொண்டு நின்றார். அப்புறம் பக்கத்தில் இருந்த என்னிடம் மெதுவாக, "இதுல பையனுக்கு எது சரியா இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவர், அதாவது சிறுவர் கதை எழுதியவர், மேடையில் தன் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் தேடி வந்த ஆள் இருபது அடி தூரத்தில்தான் இருந்தார்.

இந்த முறை 14 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாவல், சிறுகதை, கவிதை, சிறுவர் கதை, ஊர் வரலாறு, ஒரு தோட்டக்கலைப் புத்தகம் என்று கலவையாக இருக்கும். அரை நாள்தான் இடம் கிடைக்கும். மேடையை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா? வாசித்துக் காட்டச் சொல்லலாமா? விற்பனையை ஒரே இடத்தில் வைப்பதா, அவரவர் மேசையிலேயே விடுவதா? எல்லாவற்றையும்விட, எழுத்தாளர்களுக்குத் தெரிந்தவர்களைத் தாண்டி உண்மையான வாசகர்களை எப்படி வரவைப்பது? நடத்திப் பார்த்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

நூலக மேசை:

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு அந்த அம்மாவிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய பதில் அவரிடம்தான் இருக்கிறது. நூலகத்தில் வேலை பார்க்கிறவள் நான், இப்படி நாலைந்து கூட்டங்களுக்கு இடம் கொடுத்து, மேசை நாற்காலி போட்டு, கடைசியில் கூட்டிப் பெருக்கி மூடியவள். பார்த்தவரையில் சொல்கிறேன்: எழுத்தாளரை மேடையில் ஏற்றும்போதே அவரை வாசகரிடமிருந்து பிரித்துவிடுகிறோம். மேடையை எடுத்துவிடுங்கள். தலைமையுரையும் வேண்டாம். வரவேற்பு என்றால் வாசலில் ஒருவர் நின்று, "வாங்க, என்ன மாதிரி புத்தகம் படிப்பீங்க?" என்று கேட்டு, கேட்டதற்கு ஏற்ற மேசையைக் கை காட்டினால் போதும், அதைவிடப் பெரிய வரவேற்பு ஒரு வாசகருக்கு இல்லை.

மேசைகளை வரிசையாகப் போடாதீர்கள். வரிசையாகப் போட்டால் ஆட்கள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுவார்கள், நடுவில் எங்கேயும் நிற்கமாட்டார்கள், முன்னால் நின்றால் பின்னால் வருபவருக்கு வழி மறைக்கிறோமே என்ற கூச்சம். சுவரை ஒட்டி ப வடிவில் போட்டு நடுவை வெறுமையாக விட்டால் அவர்களாகவே சுற்றுவார்கள். ஒவ்வொரு மேசைக்கும் மூன்று நாற்காலி: எழுத்தாளருக்கு ஒன்று, வாசகருக்கு இரண்டு. அந்த இரண்டும் மேசைக்கு எதிர்ப்புறம் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே உட்கார்ந்தால் நேர்முகத் தேர்வு மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து புத்தகத்தைப் பார்ப்பார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் திரும்ப இடம் இருக்கிறதா என்று மேசை போட்டவுடனே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்குக் காலையில் நகர்த்த நேரம் இருக்காது.

வாசிப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது வேண்டாம், புத்தகத்தையே படித்துக் காட்டட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் கடிகாரம் வைத்துப் பார்த்ததில், நிதானமாக வாய்விட்டுப் படித்தால் தமிழில் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வரைக்கும்தான் போகிறது. அப்படியென்றால் ஐந்து நிமிடத்துக்கு நானூற்றைம்பது சொல், அச்சில் சுமார் இரண்டு பக்கம். இதை எழுத்தாளரிடம் "ஐந்து நிமிடம்" என்று சொல்லாமல் "இரண்டு பக்கம்" என்று சொல்லுங்கள். நிமிடம் என்றால் மனசு இழுத்துக்கொள்ளும், பக்கம் என்றால் தாளில் கண்ணுக்கு முன்னால் முடிந்துவிடும். எந்த இரண்டு பக்கம் என்பதை முந்தின வாரமே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவதற்காகவாவது ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்ப்பார்கள்.

படிப்பதற்காக வரிகளை வெட்டினால் எழுத்துக்குக் குறை வந்துவிடும் என்று சிலர் மறுப்பார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1853இல் ஒரு நற்காரியத்துக்காகப் பொதுமக்கள் முன்னால் தன் கதையைப் படிக்க ஆரம்பித்தவர், 1858 முதல் அதையே கட்டணம் வைத்து ஊர் ஊராகச் செய்தவர். அவர் மேடைக்கென்றே தனிப் பிரதி வைத்திருந்தார். பத்தி பத்தியாக அடித்து, சேர்த்து, எங்கே குரல் மாற வேண்டும் என்று ஓரத்தில் எழுதி வைத்திருப்பார். அவ்வளவு பெயர் பெற்ற காலத்தில் அவரே தன் எழுத்தை வெட்டியிருக்கிறார் என்றால் நாமும் வெட்டலாம். படிக்கும்போது "அவன் சொன்னான்", "அவள் சொன்னாள்" எல்லாம் போனாலும் குரலிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு முறையும் உண்டு, எங்களிடம் மிக நன்றாக நடந்தது. டென்மார்க்கில் 2000இல் மனித நூலகம் என்று ஒன்று தொடங்கினார்கள், புத்தகத்துக்குப் பதிலாக ஓர் ஆளை இரவல் வாங்கி அவருடன் உட்கார்ந்து பேசுவது. அதை நாங்கள் எழுத்தாளர்களுக்கு மாற்றிக்கொண்டோம். நுழைவில் ஒரு பலகையில் எழுத்தாளர் பெயரும் எதைப் பற்றிப் பேசலாம் என்பதும் எழுதி, பக்கத்தில் கால் மணி நேரக் கட்டங்கள் வரைந்து வைத்தோம். வாசகர் தன் பெயரை ஒரு கட்டத்தில் எழுதிவிட்டால் அந்தக் கால் மணி நேரம் அந்த எழுத்தாளர் அவருக்குத்தான். முதல் அரை மணி நேரம் யாரும் எழுதவில்லை. ஒரு கல்லூரி மாணவி வந்து எழுதினார். அதற்கப்புறம் இடமே இல்லை, ஓரத்தில் எல்லாம் எழுதி வைத்துவிட்டார்கள்.

மெல்லப் பேசுபவள்:

எழுதுகிறவள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து மூன்று கூட்டங்களில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை நான் செய்தது முழுக்கத் தவறு. புத்தகத்தை அடுக்கிவிட்டு, யாராவது கிட்டே வந்தால் உடனே நிமிர்ந்து அவர் முகத்தையே பார்ப்பேன். அவர் புத்தகத்தைத் தொட்டதும் "அது பத்துக் கதை, எல்லாமே பெண்கள் பற்றியது" என்று ஆரம்பித்துவிடுவேன். பாதிப்பேர் தலையாட்டிவிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பிரிக்காத பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த தடவை, பக்கத்து மேசையில் இருந்த வயதான எழுத்தாளர் ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தன் புத்தகம் ஒன்றை நடுவில் திறந்து, விரித்த வாக்கில் வைத்திருந்தார். மூடிய அட்டை தெரிந்தால் ஆட்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தாண்டுவார்கள், திறந்த பக்கம் தெரிந்தால் கண் தானாக ஒரு வரியில் விழுந்துவிடும், விழுந்தால் அடுத்த வரிக்குப் போகும். அவர் பாட்டுக்கு ஏதோ நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். வந்தவர் பக்கத்தைத் திருப்பும்போதுதான் தலை நிமிர்ந்து, "எந்தப் பக்கத்துல இருக்கீங்க?" என்பார். வந்தவர் பக்க எண்ணைச் சொல்வார். "ஓ, அந்த ஆள் ரயிலைத் தவறவிடுற இடமா" என்பார். அவ்வளவுதான், பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். வாசகர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார், இனி அழைக்க வேண்டியதில்லை. அன்றைக்கே நானும் அப்படியே செய்தேன். என்னுடைய கதைகளில் எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது என்று யோசித்தபோதுதான், முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்கிற பக்கம் என்னிடம் எத்தனை இருக்கிறது என்றும் தெரிந்தது.

கையெழுத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெயரைக் காதால் கேட்டு எழுதாதீர்கள். மேசையில் சின்னச் சின்னத் தாள்களை வெட்டி வையுங்கள், வாசகரே தன் பெயரைத் தன் கையால் எழுதித் தரட்டும், பார்த்து எழுதுங்கள். நான் ஒருவருக்கு ரகரத்துக்குப் பதில் றகரம் போட்டுவிட்டேன். அவர் பரவாயில்லை என்றார், ஆனால் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உடனே வேறு பிரதி எடுத்து எழுதிக் கொடுத்தேன். ஒருவருக்குத் தன் பெயர் புத்தகத்தில் சரியாக இருப்பது சின்ன விஷயமில்லை. அப்புறம் பந்துமுனைப் பேனா வையுங்கள், மைப்பேனா சில தாளில் ஊறி மறுபக்கம் தெரியும், வழவழப்பான தாளில் காய்வதற்குள் மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "இது உங்க வாழ்க்கையில நடந்ததா?" எனக்கு முதலில் அது கோபத்தைத் தந்தது, கற்பனை செய்யத் தெரியாதவள் என்கிறார்களோ என்று. இப்போது அப்படி நினைப்பதில்லை. கதை அவருக்கு நிஜமாகப் பட்டிருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை. "இதுல எந்த இடம் உங்களுக்கு அப்படித் தோணுச்சு?" என்று திருப்பிக் கேட்டால் அவர் தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். ஓர் அம்மா அப்படி நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் புத்தகம் வாங்கினாரா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை, அவர் சொன்னது அத்தனையும் நினைவிருக்கிறது. கூட்டத்துக்குப் போவதே இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதும்போது யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதுகிறோம், அந்த முகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

எப்போதும் வாசகன்:

நான் எழுதுவதில்லை, படிக்கிறவன் மட்டும். எல்லோரும் எழுத்தாளரை எங்கே உட்காரவைப்பது என்று பேசுகிறீர்கள், எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியாத 14 பெயர்கள் ஓர் அறையில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் எனக்கு வருவது பயம்தான். ஒருவர் மேசையில் நின்றுவிட்டு வாங்காமல் போனால் அவர் மனசு கஷ்டப்படுமே, எல்லா மேசையிலும் நிற்க முடியாதே, யாரையாவது புறக்கணித்த மாதிரி ஆகிவிடுமே என்று. இந்தப் பயத்திலேயே வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் நிறைய. அதனால் நுழைவில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு வரி: என்ன வகை, எத்தனை பக்கம், யார் படிக்கலாம், எதைப் பற்றி. "மனித மனத்தின் ஆழங்களை அலசும் படைப்பு" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. "அப்பா இறந்தபின் வீட்டை விற்க வரும் மூன்று அண்ணன் தம்பிகள், ஒரே நாளில் நடக்கும் கதை, 140 பக்கம்" என்று எழுதினால் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்த இரண்டு வரியை எழுத்தாளரிடமே கேட்காதீர்கள், அந்தப் புத்தகத்தைப் படித்த இன்னொருவரை எழுதச் சொல்லுங்கள். எழுதியவருக்குத் தன் புத்தகத்தை இரண்டு வரியில் சொல்வது மிகவும் கடினம், படித்தவருக்குச் சுலபம். நீங்கள் வாசகர் வட்டம்தானே, 14 புத்தகத்தையும் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒன்றாக முன்னாலேயே படித்துவிடலாம். படித்தவர் அன்றைக்கு அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. எழுத்தாளர் தன் புத்தகத்தைப் புகழ முடியாது, படித்தவர் "எனக்கு இந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு" என்று சொல்லலாம், நான் நம்புவேன்.

இரண்டாவது, தனியாகப் படிக்க ஓர் ஓரம். மூலையில் நாலைந்து நாற்காலி, நல்ல வெளிச்சம், எல்லாப் புத்தகத்திலும் ஒரு பார்வைப் பிரதி. யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் பத்து நிமிடம் படித்துவிட்டு நானே எழுந்து அந்த எழுத்தாளரிடம் போவேன். தயவுசெய்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எல்லாம் பிரித்துவிடுங்கள். பிரிக்காத புத்தகத்தைப் பார்த்து யாரும் வாங்கமாட்டார்கள்.

எப்படி வரவைப்பது என்று கேட்டீர்கள். "எழுத்தாளர் சந்திப்பு" என்று போட்டால் எழுதுகிறவர்கள்தான் வருவார்கள். தோட்டக்கலைப் புத்தகம் எழுதியவர் இருக்கிறார் என்றால், செடி வளர்க்கிறவர்கள் கூடும் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தச் செய்தி போக வேண்டும். ஊர் வரலாறு என்றால் பழைய படங்களும் கடிதங்களும் சேர்த்து வைத்திருக்கிறவர்களிடம் போக வேண்டும். சிறுவர் கதை என்றால் பள்ளிக்கூடத்துக்கு. ஆக 14 புத்தகத்துக்கும் 14 விதமான அழைப்பு. பொது அழைப்பு ஒன்றை ஆயிரம் பேருக்கு அனுப்புவதைவிட இது அதிக வேலைதான், ஆனால் வருகிறவர் எதற்காக வருகிறோம் என்று தெரிந்து வருவார். தேதி குறிக்கும்போது ஏப்ரல் 23ஐத் தவிர்க்கப் பாருங்கள். 1995இல் யுனெஸ்கோ அதை உலகப் புத்தக நாளாக அறிவித்ததிலிருந்து அன்றைக்கு எல்லா இடத்திலும் நிகழ்ச்சி இருக்கிறது, புத்தகம் படிக்கிற அதே நூறு பேரைத்தான் எல்லோரும் அழைப்பார்கள்.

கணக்கு நோட்டு:

விற்பனையைப் பற்றி யாரும் பேசவில்லை. பல வருஷம் புத்தக விற்பனையில் இருந்தவன், அதனால் அதை மட்டும் சொல்கிறேன். பணத்தை ஒரே இடத்தில் வாங்குங்கள். அவரவர் மேசையில் வாங்கினால் எழுத்தாளர் சில்லறை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேச வந்த வாசகர் போய்விடுவார். அதோடு, தன் புத்தகத்துக்குத் தானே பணம் வாங்க நிறையப் பேருக்குக் கூச்சம். "இருக்கட்டும், சும்மா எடுத்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டு அச்சுக் கடனோடு வீட்டுக்குப் போகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லா, இரண்டு பேர் உட்காரட்டும். ஒருவர் பணம் வாங்க, ஒருவர் எழுத. வெவ்வேறு எழுத்தாளர்களின் நான்கு புத்தகம் வாங்கியவர் ஒரே தடவையில் பணம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

காலையில் புத்தகம் வந்து இறங்கியதும், பெட்டி பிரித்த கையோடு, எழுத்தாளரும் நீங்களும் சேர்ந்து எண்ணி, எண்ணிக்கையை நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மாலையில் மிச்சத்தை எண்ணினால் விற்றது தெரிந்துவிடும், கல்லா நோட்டோடு ஒத்துப் பாருங்கள். நான் பொறுப்பாக இருந்த ஒரு கூட்டத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்று காலையில் எண்ணாமல் விட்டேன். மாலையில் ஒருவருக்கு மூன்று பிரதி குறைந்தது. யாராவது எடுத்தார்களா, காலையிலேயே குறைவாக வந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. நான் கைப்பணம் போட்டுக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் பழைய மாதிரி பேசுவதில்லை. மூன்று புத்தகத்துக்காக ஒரு நல்ல நட்பு கெட்டது. பார்வைப் பிரதிகளின் அட்டையில் அப்படியே எழுதி ஒட்டிவிடுங்கள், அவை கணக்கில் வராது.

இதில் கழிவு ஏதும் வட்டத்துக்கு எடுப்பதாக இருந்தால் முன்னாலேயே எழுதிச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே பணத்தைப் பட்டுவாடா செய்துவிடுங்கள், "அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்பது வேண்டவே வேண்டாம்.

எத்தனை பிரதி கொண்டுவருவது என்று எழுத்தாளர்கள் கேட்பார்கள். ஆளுக்கு 15 கொண்டுவந்தால் போதும் என்பது என் அனுபவம். மேசை நிறைய நூறு பிரதி அடுக்கினால் பார்க்கிறவருக்கு ஒன்றும் விற்கவில்லை என்ற எண்ணம்தான் வரும். தீர்ந்துபோனால் பெயர் எழுதி வாங்கி அப்புறம் அனுப்பலாம்.

ஐஎஸ்பிஎன் இல்லாத புத்தகத்தை வைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாராளமாக வைக்கலாம். அது புத்தகத்தின் தரத்துக்கோ காப்புரிமைக்கோ சான்று இல்லை, இன்ன பதிப்பு என்று அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். ஆனால் ஒரு வாசகர் வீட்டுக்குப் போய் இதே புத்தகத்தை நண்பருக்கு வாங்க வேண்டும் என்றால், கடைக்காரரோ நூலகமோ தேடுவதற்கு அந்த எண் மிகவும் உதவும். 2007க்கு முன்னால் 10 இலக்கம், அதற்கப்புறம் 13. பழைய பதிப்பில் 10 இலக்கம் இருந்தால் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். எண் இல்லாத புத்தகத்துக்கு, எங்கே கிடைக்கும் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே செருகி வையுங்கள்.

கவிதைப் பக்கம்:

எல்லாம் சரி, ஆனால் மேடையே வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. உரைநடை எழுதுகிறவர்களுக்கு மேசை பொருந்தும். கவிதையைப் பத்து மேசை இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் காதில் படிக்க முடியாது. கவிதைக்கு முன்னால் கொஞ்சம் அமைதி வேண்டும், பின்னால் அதைவிட அதிகம் வேண்டும். ஒரு தடவை இப்படித்தான் மேசையில் உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள், நான் கடைசி வரியைச் சொல்லும்போது பக்கத்து மேசையில் நாற்காலி இழுக்கிற சத்தம். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் திரும்பிப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், கவிதை போய்விட்டது. மறுபடி படிக்கவா என்று கேட்கவும் மனசு வரவில்லை.

மேடை வேண்டாம் என்றால் தனி அறையாவது கொடுங்கள், கதவு மூடக்கூடிய அறை. அரை மணிக்கு ஒருமுறை வாசிப்பு, அதில் மூன்று பேர், படிக்கும்போது உள்ளே வருவதோ போவதோ கிடையாது. இருபது நாற்காலி போதும். அரங்கத்தில் நூறு காலி நாற்காலிக்கு முன்னால் படிப்பதைவிட நிரம்பிய இருபது நாற்காலிக்கு முன்னால் படிப்பது எவ்வளவோ மேல். ஒருவர் படித்து முடித்ததும் உடனே அடுத்தவரை அழைக்காதீர்கள். பத்து எண்ணிவிட்டு அழையுங்கள்.

நூலக மேசை:

கவிதைப் பக்கம் சொல்வதை ஏற்கிறேன், நான் மொத்தமாக மேடை வேண்டாம் என்றது அவசரம். எங்களிடமும் சிறுவர் பகுதியை அதற்காகப் பிரித்துக் கொடுத்த கூட்டம்தான் நன்றாக நடந்தது. ஆனால் எழுத்தாளர் தன் முறைக்கு அரை மணி நேரம் முன்பே அறைக்குப் போய் உட்கார்ந்துவிடக் கூடாது, ஐந்து நிமிடம் முன்னால் எழுந்தால் போதும். முடிந்ததும் நேராக மேசைக்குத் திரும்பிவிட வேண்டும், கேட்டவர்கள் அவரைத் தேடிக்கொண்டு அங்கேதான் வருவார்கள்.

நடுப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வட்டத்தில் இதை எல்லாம் படித்துக் காட்டினேன். மேடை இல்லை என்று முடிவாகிவிட்டது. ப வடிவில் மேசைகள், பக்கத்து அறையில் வாசிப்பு, வாசலில் கல்லா, மூலையில் படிக்கும் இடம். 14 புத்தகத்தையும் பிரித்துக்கொண்டோம். எனக்குத் தோட்டக்கலைப் புத்தகம் வந்தது, செடி வளர்த்துப் பழக்கமில்லை என்றாலும் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து ஈரம் சொல்கிற பகுதியைப் படித்துவிட்டுப் பக்கத்துப் பூந்தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தேன். அவர் எழுதியிருக்கிற மாதிரியே உருண்டையாகப் பிடிபட்டது, விட்டதும் உடைந்தது. அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைக்கச் சொல்லப்போகிறேன்.

இரண்டு எழுத்தாளர்கள் மட்டும், பேச வாய்ப்பு இல்லையென்றால் எதற்கு வர வேண்டும் என்று வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, வருஷக்கணக்கில் தனியாக உட்கார்ந்து எழுதியவர்கள், ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் நிற்க நினைப்பது நியாயம்தான். அவர்களுக்கு என்ன சொல்லட்டும்?

மெல்லப் பேசுபவள்:

கால் மணி நேரக் கட்டப் பலகை வைக்கிறீர்கள் இல்லையா, அதில் அவர்கள் இரண்டு பேருக்கும் முதல் கட்டத்தில் உங்கள் வட்டத்தில் அவர்கள் புத்தகத்தைப் படித்தவரின் பெயரை இப்போதே எழுதிவிட்டு, அதைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். "இன்னார் உங்கள் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டார், அறுபத்திரண்டாம் பக்கத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமாம், காலை பத்தே காலுக்கு வருவார்" என்று எழுதுங்கள். என்னிடம் அப்படி ஒரு செய்தி வந்தால் நான் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பேன்.

நடுப்பக்கம்:

இப்போதே எழுதி அனுப்புகிறேன். அந்த அம்மாவின் பெயரோ எண்ணோ என்னிடம் இல்லை, பையன் எந்தப் பள்ளிச் சீருடை போட்டிருந்தான் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சிறுவர் கதைக்கான அழைப்பை முதலில் அந்தப் பள்ளிக்குக் கொண்டுபோகிறேன்.